ஆண்பெயர்களின் வேரும் பொருளும்: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேவியர் என்ற பெயருக்கு ‘ஒளி மிக்கவன்’ என்று பொருள் எழுதியிருக்கும் பெயர்ப் பட்டியல்கள் ஏராளம். உண்மையில் அது ஓர் ஊரின் பெயர். வடக்கு ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் ஹாவியேர் என்றொரு கோட்டை இருக்கிறது. பாஸ்க் மொழியில் ‘எச்சே’ என்பது வீட்டையும் ‘பெர்ரி’ என்பது புதியதையும் குறிக்கும். ‘புது வீடு’ என்ற பொருளுள்ள அந்த இடப்பெயர்தான் தேய்ந்து மருவி ஹாவியேர் என்றும் சேவியர் என்றும் ஆயிற்று. 1506இல் அக்கோட்டையில் பிறந்த பிரான்சிஸ் என்பவர், 1542இல் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிபுரிந்து, 1622இல் புனிதராக அறிவிக்கப்பட்டதால், அவரை எந்த ஊரார் என்று காட்டுவதற்காகச் சேர்ந்த சொல்லே பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு இடும் பெயராகி, தென்கடற்கரையில் சவேரியார், சவரிமுத்து எனப் பல வடிவம் கொண்டது. இந்த வரலாற்றில் ஒளிக்கு எங்கும் இடமில்லை.

ஒரு பெயரைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். அதன் வேர்ச்சொல் எதைக் குறித்தது? அதைச் சூட்டியவர் எதை நினைத்துச் சூட்டினார்? இன்று அது கேட்பவர் காதில் எதை எழுப்புகிறது? மூன்றுக்கும் விடை ஒன்றாக அமைவது அரிது. பட்டியல்களோ மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. கீழே காணும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்தில் பிறந்தவையே.

எந்த வகைப் பெயர் என்று பாராமல் பொருள் கேட்பது

சேவியரைப் போலவே, ஊர்ப்பெயராகவோ குடும்பப்பெயராகவோ புனைபெயராகவோ இருந்து பிறகு பிள்ளைகளின் பெயரானவை பல. தமிழ்நாட்டில் லெனின், கென்னடி, லிங்கன், நேரு என்ற பெயருள்ளவர்கள் எந்த மாவட்டத்திலும் கிடைப்பார்கள். லிங்கன் ஓர் ஆங்கிலேய நகரத்தின் பெயர், லெனின் புனைபெயர். ஸ்டாலின் என்பதும் சோவியத் தலைவர் ஜுகாஷ்விலி தாமே வைத்துக்கொண்ட பெயர். அதற்கு அடி ‘எஃகு’ என்ற பொருள் தரும் ரஷ்யச் சொல். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1ஆம் நாள். சோவியத் தலைவர் இறந்தது மார்ச் 5ஆம் நாள். பெயர் வைத்த தந்தையின் மனத்தில் இருந்தது அந்த மனிதரே தவிர எஃகு அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இத்தகைய பெயர்களுக்கு வேர்ச்சொல்லைச் சொல்வது பிழையாகாது. ஆனால் அதையே பெயரின் பொருள் என்று சொல்வது பிழை.

ஒலி ஒத்தால் வேரும் ஒன்று என்று கொள்வது

லியோ, லியோனார்ட், லியாண்டர், லியோபோல்ட் என்ற நான்கையும் ‘சிங்கம்’ என்ற ஒரே கூட்டில் அடைத்துவிடுவார்கள். முதல் மூன்றில் சிங்கம் இருப்பது உண்மை. லியோபோல்டில் இருப்பது பழைய ஜெர்மானிய மொழியின் ‘லியுட்’, அதாவது மக்கள். ‘பால்ட்’ என்பது துணிவு. லத்தீன் எழுத்தில் ஏடு எழுதியோர் கையில் அச்சொல் சிங்கத்தின் சாயல் பெற்றுவிட்டது.

நம்மிடையே அதிகம் காணப்படும் எடுத்துக்காட்டு ரையன், ரய்யான், ராயன் ஆகிய மூன்று. ரய்யான் அரபுப் பெயர். தாகம் தீர்ந்த நிலையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. நோன்பு நோற்றவர்கள் நுழையும் சொர்க்க வாயிலின் பெயராக இஸ்லாமிய மரபில் போற்றப்படுவது. ராயன் என்பது வடமொழியின் ‘ராஜன்’ பிராகிருதம் வழியாகத் தேய்ந்த வடிவம். விஜயநகர வேந்தர்களின் பெயர்களில் நாம் நன்கறிந்தது. ரையன் அயர்லாந்தின் குடும்பப்பெயர் ஒன்றிலிருந்து வந்தது; அதில் அரசனைக் குறிக்கும் ‘ரி’ என்ற ஐரிஷ் சொல் ஒளிந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. இதில் வியப்பு என்னவென்றால், ஐரிஷ் மொழியின் ‘ரி’, லத்தீன் மொழியின் ‘ரெக்ஸ்’, வடமொழியின் ‘ராஜன்’ மூன்றும் ஒரே தொல்மொழிச் சொல்லின் வழிவந்தவை. ஆகவே தொலைவில் இருக்கும் ரையனும் ராயனும் ஒருவேளை உறவாக இருக்கலாம். எழுத்தளவில் மிக நெருங்கிய ரையனும் ரய்யானும் உறவே இல்லை. காதை நம்பி உறவு சொல்ல முடியாது.

கூட்டக்கூடாததைக் கூட்டுவதும் பிரிக்கக்கூடாததைப் பிரிப்பதும்

பிழைகளில் இதுவே பெரியது என்பது என் கருத்து. பழைய ஆங்கிலேய, ஜெர்மானிய, கிரேக்கப் பெயர்கள் பெரும்பாலும் இரு சொற்களால் ஆனவை. இன்றைய பட்டியல்கள் அவ்விரு சொற்களையும் ஒட்டி ஒரு சொற்றொடராக்கி, அதைப் பெயரின் பொருளாக அச்சிடுகின்றன. 1095இல் மறைந்த, இங்கிலாந்தின் வூஸ்டர் ஆயர் வுல்ஃப்ஸ்டன் என்பாரை எடுத்துக்கொள்வோம். ‘வுல்ஃப்’ ஓநாய், ‘ஸ்டன்’ கல். ‘ஓநாய்க் கல்’ என்று யார் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள்? அவருடைய தந்தையின் பெயர் ஏதெல்ஸ்டன், தாயின் பெயர் வுல்ஃப்கிஃபு. தாயின் பெயரில் முன்பாதியையும் தந்தையின் பெயரில் பின்பாதியையும் எடுத்து மகனுக்குச் சூட்டியிருக்கிறார்கள். அங்கே பெயர் சொன்ன செய்தி ‘இவன் இவ்விருவரின் மகன்’ என்பது மட்டுமே.

கிரேக்கர்கள் இதைக் கேலிக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். கி.மு. 423இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘மேகங்கள்’ நாடகத்தில், பிறந்த மகனுக்குப் பெயரிடுவதில் கணவனுக்கும் மனைவிக்கும் சச்சரவு எழுகிறது. கணவனுக்குத் தன் தந்தையின் பெயர் தொடர வேண்டும்; அதில் சிக்கனத்தைக் குறிக்கும் சொல் இருக்கிறது. மேட்டுக்குடியில் பிறந்த மனைவிக்கோ குதிரையைக் குறிக்கும் ‘ஹிப்போஸ்’ பெயரில் எப்படியாவது வந்தாக வேண்டும், ஏனெனில் குதிரை வைத்திருப்பது செல்வர்களுக்கே இயலும். இறுதியில் இருவரும் இறங்கிவந்து ‘ஃபைடிப்பிடீஸ்’ என்று வைக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சிக்கனக் குதிரை’ என்று வரும். ஃபிலிப் என்ற பெயருக்கு ‘குதிரைகளை நேசிப்பவன்’ என்று பொருள் எழுதுவோர், அந்தக் குதிரை விலங்கைவிடக் குடும்பத்தின் தகுதியையே முதலில் காட்டியது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அரபுப் பெயர்களில் தவறு நேர்மாறாக நிகழ்கிறது. அப்துல் ரஹ்மான் என்பதில் ‘அப்த்’ என்றால் அடியான். ‘அல்’ என்பது அடுத்து வரும் சொல்லைச் சேர்ந்த சுட்டு. எனவே ‘அப்துல்’ என்று மட்டும் நிறுத்துவது பாதியில் நின்ற சொற்றொடர்; ‘ரஹ்மான்’ என்று மட்டும் அழைப்பதோ இறைவனுக்குரிய பெயரால் மனிதனை அழைப்பதாகும் என்று முஸ்லிம்களில் பலர் அதைத் தவிர்ப்பார்கள். விண்ணப்பப் படிவங்களில் இப்பெயரை முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டாக அறுத்து எழுதுவது இன்றும் நடக்கிறது. ‘உத்தீன்’ என்று முடியும் பெயர்களும் இவ்வாறே முழுத்தொடர்களாக நிற்பவை. சலாஹுத்தீன் என்றால் ‘மார்க்கத்தின் சீர்மை’. ஜெருசலேமை மீட்ட சுல்தான் சலாஹுத்தீனுக்கு அது சிறப்புப்பெயர். இயற்பெயர் யூசுஃப் என்பதைப் பலர் அறிவதில்லை.

எத்தியோப்பியாவிலும் இதே கதை. 1930இல் பேரரசராக முடிசூடியபோது தஃபாரி என்பவர் ‘ஹைலே செலாசி’ என்ற பெயரை ஏற்றார். ‘திரித்துவத்தின் ஆற்றல்’ என்பது பொருள். அவரைச் சுருக்கமாகச் ‘செலாசி’ என்று எழுதுவோர், தம்மை அறியாமல் ஒரு மனிதரைத் ‘திரித்துவம்’ என்று அழைக்கிறார்கள்.

கேள்வியாக அமைந்த பெயரை விடையாக மாற்றிவிடுவதும் இவ்வகைப் பிழைதான். மிக்கேல் என்ற எபிரேயப் பெயர் ‘கடவுளுக்கு நிகர் யார்?’ என்று வினவுகிறது; எதிர்பார்க்கும் விடை ‘ஒருவருமில்லை’. ‘கடவுளுக்கு நிகரானவன்’ என்று பட்டியல்கள் எழுதும்போது பொருள் முற்றிலும் தலைகீழாகிவிடுகிறது.

வடிவம் மாறினால் பெயரும் வேறு என்று நினைப்பது

எபிரேய மொழியின் யோஹனான், ‘ஆண்டவர் அருள்புரிந்தார்’ என்ற பொருளோடு கிரேக்கத்திற்குப் போய், அங்கிருந்து லத்தீன் வழியாகவும் நேரடியாகவும் ஜான், ழான், ஹுவான், ஜொவான்னி, இவான், ஷான், இயன் என்று நாடுதோறும் உருமாறியது. ஷானும் இவானும் ஒரே பெயர் என்றால் முதலில் நம்ப முடியாது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். அருளப்பன் என்பது யோவான்தான். இவ்வாறே பவுல் என்ற பெயரின் லத்தீன் வடிவமான பவுலுஸ் ‘சிறியவன்’ என்று பொருள்படுவதால் சின்னப்பன் ஆனார். ‘கடவுள் உதவினார்’ என்ற பொருளுடைய லாசரு என்ற பெயர், 1745இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்குத் தேவசகாயம் என்று சூட்டப்பட்டது. 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அருளப்பனையும் சின்னப்பனையும் தமிழ்ச் சொல்லாக மட்டும் பார்த்து விளக்கம் எழுதினால், அவற்றின் பாதி வரலாறு கைநழுவிப்போகும்.

எழுத்தைக் காணாமல் பொருள் சொல்வது

‘வெய்’ என்ற சீனப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால், எந்த எழுத்தில் எழுதப்படும் வெய் என்று திருப்பிக் கேட்பதே முறை. ஒரே ஒலிக்குப் பெருமை, காவல், வலிமை எனத் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஜப்பானியரின் ஹிரோஷி, அகிரா ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சீனரிடையே குடும்பப்பெயரே முன்னால் வரும் என்பதையும் மறக்கலாகாது: மாவோ சேதுங் என்பதில் மாவோ குடும்பப்பெயர். மீதியுள்ள சேதுங்கிலும் ‘சே’ அவருக்கு மட்டும் உரியதன்று. தம்பியர் சேமின், சேதான் ஆகியோருக்கும் அதுவே முதலெழுத்து. தலைமுறைக்கு ஓர் எழுத்தென்று குலத்தார் முன்கூட்டியே வகுத்துவைத்திருப்பதால், பெற்றோர் தேர்ந்தது கடைசி எழுத்தை மட்டுமே.

ஈற்றைக் கண்டு ஆணா பெண்ணா என்று முடிவுசெய்வது

இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. இத்தாலியில் அந்த்ரேயா ஆண்பெயர். அதன் கிரேக்க வேரே ‘ஆண்’ என்பதுதான். அதே பெயர் ஜெர்மனியில் பெண்ணுக்கு வைக்கப்படும். நிகிதா குருசேவ் சோவியத் ஒன்றியத்தை ஆண்டவர். நம் நாட்டில் நிகிதா சிறுமியின் பெயர். பஞ்சாபில் ஹர்ப்ரீத் என்றால் இருபாலருக்கும் பொது. சிங், கௌர் என்ற பின்சொல்லைக் கொண்டே பால் தெரியும். துரை, ஏழுமலை, அண்ணாமலை என்று ஐகாரத்தில் முடியும் ஆண்களோடு பழகிய நமக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை.

பெயர் சொல்லும் செய்தியைப் புகழ்ச்சியென்றோ இகழ்ச்சியென்றோ கொள்வது

கானாவின் அக்கான் மக்களிடம் ஆண்பிள்ளை பிறந்த கிழமையே அவனுக்கு ஒரு பெயரைத் தந்துவிடும். ஞாயிறு க்வாசி, திங்கள் கோஜோ, செவ்வாய் க்வாபெனா, புதன் க்வாக்கு, வியாழன் யாவ், வெள்ளி கோஃபி, சனி க்வாமே. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமைதான். கானாவின் முதல் அதிபர் க்வாமே என்க்ருமாவின் பிறந்தநாளாக ஏடுகளில் உள்ளது 1909 செப்டம்பர் 21. நாட்காட்டியைப் புரட்டினால் அது செவ்வாய். பதிவு சரியென்றால் அவர் க்வாபெனா ஆகியிருக்க வேண்டும். பெயரோ சனிக்கிழமை என்கிறது. திருமுழுக்குக் கொடுத்த பாதிரியார் பின்னாளில் குறித்துவைத்த தேதியைவிடத் தாய் இட்ட பெயரையே நான் நம்புவேன். இந்தப் பெயர்கள் அடிமைக் கப்பல்களில் அட்லாண்டிக் கடலையும் கடந்தன. 1739இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஜமைக்காவின் மரூன்களின் (தப்பியோடி மலைகளில் வாழ்ந்த அடிமைகளும் அவர்கள் வழிவந்தோரும்) தலைவர் கட்ஜோ என்பவரின் பெயர், திங்கட்கிழமையின் கோஜோவே.

இன்னொரு கோடியில், வேண்டுமென்றே தாழ்வான பொருளில் இடப்படும் பெயர்கள் இருக்கின்றன. மங்கோலியாவில் நெர்குய் என்றால் ‘பெயரில்லை’. எனெபிஷ் என்றால் ‘இது அல்ல’. குன்பிஷ் என்றால் ‘மனிதன் அல்ல’. முன்பு பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், தீய ஆவி இந்தப் பிள்ளையைத் தேடிவந்தால் ஏமாந்து திரும்பட்டும் என்று இட்டவை. குப்பன், பிச்சை என்று நம் ஊர்களில் பெயரிட்டதற்கும் காரணம் இதுவே. குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுப்பதும் பிறரிடம் பிச்சையாகப் பெறுவதும் உயிர் தங்குவதற்காகச் செய்த நேர்த்திகள். இவற்றைச் சாதி இழிவு என்ற ஒரே கண்ணாடியில் பார்ப்பவர்கள், பல குடிகளிலும் இப்பெயர்கள் வழங்கியதையும், பெற்றவர்களின் அச்சத்தையும் காணத் தவறுகிறார்கள்.

பிற்காலத்து விளக்கத்தை வேர் என்று நம்புவது

1015இல் இறந்த கீவ் அரசர் விளாதிமிரின் பெயருக்கு ‘உலகை ஆள்பவன்’ என்று சொல்வது வழக்கம். முன்பாதி ஆட்சிதான், பின்பாதி தொடக்கத்தில் பெருமையைக் குறித்த ‘மேர்’ என்ற சொல், உலகையும் அமைதியையும் குறிக்கும் ‘மிர்’ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மோசே என்ற பெயரை ‘நீரிலிருந்து எடுக்கப்பட்டவன்’ என்று விவிலியத்தின் விடுதலைப் பயண நூல் எபிரேயச் சொல்லால் விளக்குகிறது. அறிஞர் பலர் அதில் காண்பது துத்மோஸ், ராம்சேஸ் என்ற பெயர்களிலும் உள்ள, பிறப்பைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லை. இங்கே ஒன்றைச் சரியென்றும் மற்றொன்றைப் பொய்யென்றும் தீர்ப்பளிப்பதும் அவசரமே. ஒன்று சொல்லின் வரலாறு. மற்றது அப்பெயரைப் போற்றும் மக்களின் வரலாறு.

அண்மையில் நம் வீடுகளில் பரவும் பெயர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. இணையப் பட்டியலில் ‘சமஸ்கிருதம்’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. அச்சொல் வடமொழி அகராதியில் இருக்கிறதா, பழைய நூல் எதிலாவது வருகிறதா, மூல எழுத்தில் குறிலா நெடிலா என்று பார்க்க வேண்டும். ஓர் உயிரெழுத்து நீண்டாலே வேறு சொல்லாகிவிடும். அரபுப் பெயராயின் வேரெழுத்துகள் மூன்றையும் தெரிந்துகொண்டு, அம்மொழி கற்றவரிடம் கேட்பது நல்லது.

தேடியும் விடை கிடைக்காத பெயர்களும் உண்டு. அந்தோணி என்பது ரோமாபுரியின் அந்தோனியுஸ் என்ற குலப்பெயரிலிருந்து வந்தது; அக்குலப்பெயரின் வேர் யாருக்கும் தெரியாது, இத்தாலியில் பண்டு வழங்கிய எத்ருஸ்கன் மொழியினதாக இருக்கலாம் என்பது ஊகம். கிரேக்கத்தில் மலரைக் குறிக்கும் ‘அந்தோஸ்’ என்ற சொல்லோடு உறவு இருப்பதாக நினைத்து ஆங்கிலேயர் அதன் எழுத்துக்கூட்டலில் ‘ஹ’கர எழுத்தொன்றைச் செருகினார்கள். ‘விலைமதிப்பற்றவன்’ என்று பட்டியல்கள் தரும் பொருளுக்கும் ஆதாரமில்லை. மகனுக்கு அந்தோணி என்று பெயரிடும் பெற்றோர் பதுவை நகரத்துப் புனிதரை நினைத்து இடுகிறார்கள். வேர்ச்சொல் தெரியாதது அவர்களுக்கு ஒரு குறையாக இருந்ததேயில்லை.