ஊர்க் கோவிலுக்கு ஏதாவது செய்ய வருகிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி கத்தோலிக்கப் பங்குகளுக்குப் போவோர் கவனத்துக்கு

தாத்தா பாட்டி நினைவாக ஊரிலுள்ள கத்தோலிக்கக் கோவிலுக்கு ஒரு உபயம் செய்ய வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பணத்தைக் கொடுக்குமுன் ஒரு நாளை ஒதுக்குங்கள். முன்னோர் எழுதி வைத்தது என்ன, அது இன்று யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் நல்லது.

பெங்களூரு விமான நிலையத்தில் இறங்குவது வசதி. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது, தருமபுரிக்கு உண்டு. ஞாயிறும் திருவிழா நாட்களும் வேண்டாம். பங்குத்தந்தையான சாமியாருக்கு உட்காரக்கூட நேரம் இருக்காது. முன்பே போனில் சொல்லிவிட்டு வார நாளில் போங்கள்.

முதலில் கோவிலைச் சுற்றி வாருங்கள். பீடத்தின் அடி, மணியின் விளிம்பு, கெபியின் (மாதா சுரூபம் வைத்த குகையின்) பக்கச் சுவர், கல்லறைத் தோட்டம்: உபயம் செய்தவர் பெயர் இங்கெல்லாம்தான் இருக்கும். சுண்ணாம்புக்கு மேல் பெயின்ட் ஏறி எழுத்து மங்கியிருந்தால் சுரண்டாதீர்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டிய எழுத்து நிழலாகத் தெரியும்.

அடுத்து திருமுழுக்குப் பதிவேடு. பழைய ஏடுகள் லத்தீனில் இருந்தால் உங்கள் ராயப்பன் பெத்ருஸ் என்றும், சின்னப்பன் பவுலுஸ் என்றும் இருப்பார்கள். ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், சொந்தக்காரர் யார் யார் என்று அதில்தான் பிடிபடும். ஏடு பங்கில் இல்லையா? தருமபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், ஆளுகைப் பகுதி) 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. சேலமே 1930இல் உருவானது. அதற்கும் முன்னால் புதுச்சேரியையும் பாரிஸ் வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்களையும் தேடிப் போக வேண்டும். கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்க்காரர்களுக்கு இந்த அலைச்சல் வீண் போகாது.

நிலம்தான் பெரிய விஷயம். பாரமகால் என்ற இந்தப் பகுதி 1792இல் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்கு வந்து, அதன் அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நிலம் அளந்து வரி போட்ட மண் இது. பூசைக்கென்றும் விளக்குக்கென்றும் விட்ட புஞ்சை, மாந்தோப்பு, புளியமரம் எதுவானாலும், சர்வே எண் தெரிந்தால் அ-பதிவேட்டையும் (ஊரின் நில விவரப் பதிவேடு) பட்டாவையும் இணையத்திலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்றும் போடுங்கள். பத்திரத்தில் கோவிலுக்கு என்று எழுதிவிட்டு, பட்டா கொடுத்தவர் பெயரிலேயே நின்றிருந்தால் பேரன் காலத்தில் தகராறு வரும். கண்ணில் பட்டால் சாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், குத்தகைக்காரரிடம் போய் நிற்காதீர்கள்.

இனி உங்கள் பணம். இந்தியக் குடியுரிமை இருந்தால் உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை நேராகக் கொடுக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கான எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, புதுதில்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் அதை வாங்க முடியும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வாங்கியவர் வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. கையில் ரொக்கமாகத் திணித்தால் மாட்டிக்கொள்வது பங்குத்தந்தைதான். ஆயர் இல்லத்தில் கேட்டு வழி தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஆண்டுதோறும் பூசை வைக்க வைப்புத் தொகை போடுவதென்றால், எத்தனை பூசை, எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்குங்கள். வட்டி போதாமல் போனால் பூசைகளைக் குறைக்கத் திருச்சபைச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதனால் காலவரை வைப்பதே நேர்மை. ரசீதில் நோக்கத்தையும் எழுதச் சொல்லி, ஒரு நகலை ஆயர் இல்லத்தில் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.