கொழும்பு புறக்கோட்டையில் பழைய கடைக் கட்டடம் பார்க்கப் போகிறவர்களுக்கு

நான் கடைகளுக்குப் பெயர் போர்ட் எழுதுகிறவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு எழுதுவது குறைந்து மாட்டுவதுதான் கூட. ஏணியின் மேல்படியில் நின்று நான் கண்டது இதுதான்: கீழ்த்தட்டு வாடகைக்காரருக்கு வாடகைக்காரர் மாறும். கட்டடத்தின் வயது போர்டுக்கு மேலேதான் இருக்கும்.

ஞாயிறு காலையில் அல்லது பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் போங்கள். மற்ற நாட்களில் மூட்டை ஏற்றி இறக்கும் நாட்டாமிமாரின் வண்டிக்கு வழிவிடவே நேரம் சரி, அண்ணாந்து பார்க்க முடியாது. எப்போதும் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். கடை வாசலில் நின்றால் என் போர்டின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும்.

அதற்கு முன், திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு, பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அருங்காட்சியகத்தை ஒருக்கா பார்த்துவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த வீடு அது. ஆளுநர் தோமஸ் வான் ரீ குடியிருந்தார், பிற்காலத்தில் தபால் கந்தோராகவும் இருந்தது, 1982இல் அருங்காட்சியகம் ஆனது. முன்பக்கப் பருத்த தூண்கள், உயர்ந்த கூரை, உள்முற்றம் மூன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் நாளில் புறக்கோட்டை பெரும்பாலும் குடியிருப்புப் பகுதி. வீடுகள் பின்னர்தான் கடைகளாயின. துணிக்கடை ஒன்றின் நடுவில் காரணமே இல்லாமல் ஒரு தடித்த உருண்டைத் தூண் நின்று, அதில் ஹேங்கர்கள் தொங்கினால், அது ஒரு வீட்டு விறாந்தையின் தூணாக இருக்கலாம்.

இனி சுவர். இதில்தான் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம். பழைய போர்ட் கழற்றிய இடத்தில் ஆணித்துளைகள் இருக்கும். அவற்றின் விளிம்பைப் பாருங்கள். துளை போடும்போது கொட்டும் தூசி செம்மஞ்சளாக, நறநறவென்று இருந்தால் கபுக் கல், அதாவது செம்புரைக் கல். நைசான சிவப்பென்றால் செங்கல். சாம்பல் நிறமென்றால் சீமெந்துக் கல், அதற்கு வயது தேடி அலைய வேண்டாம். கபுக்கை வைத்து மட்டும் முடிவுகட்டாதீர்கள், நேற்று வரை அதில் வீடு கட்டினார்கள். மேல்பூச்சையும் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து பால்வெள்ளையாக, நகத்தால் சுரண்டினாலே உதிரும், சிலவேளை சிப்பித் துண்டும் தெரியும். அதில் ஆணி பிடிக்கத் துளைக்குள் செருகும் ரோல் பிளக் பிடிக்கவே பிடிக்காது. அதனால்தான் பழைய கடைகளில் நீண்ட போல்ட்டைச் சுவருக்குள் ஊடுருவவிட்டு, உள்ளே தகடு வைத்து முடுக்கியிருப்போம். அந்தப் போல்ட்டின் துருப்பிடித்த தலை தெரிந்தால் சுவர் பழசு என்று பாதி நம்பலாம்.

சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசிய கடைகளும் நிறைய. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கீழ்ப்பக்கம் உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளிக்கும். முதலாளிமார் பெயின்டரைத் திட்டுவார்கள். குற்றம் பெயின்டில் இல்லை.

கூரை வயதைச் சொல்லும், ஆனால் பொய்யும் சொல்லும். அரைக்குழாய் போல வளைந்த பீலி ஓடு பழைய வழக்கம். தட்டை ஓடு என்றால், பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865இல்தான், அதற்குப் பிந்திய கூரை. கூரைதான் பிந்தியது, சுவர் அல்ல என்பதை மறக்க வேண்டாம். ஜன்னலுக்கு மேல் கொங்கிரீட் நிழற்தட்டும், வளைந்த மூலையும், கிடைக்கோடுகளும் இருந்தால் 1930களை ஒட்டிய பாணி. முகப்பின் நெற்றியில் சுதையில் பிடித்த ஆண்டையும் கூரையைப் போலவே அப்படியே நம்ப வேண்டாம். அது கடை தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம், முகப்பு மாற்றிய ஆண்டாகவும் இருக்கலாம்.

வாசற்படியைக் குனிந்து பாருங்கள். கல்லிலோ மரத்திலோ ஒரு நீளமான காடி ஓடினால், ஷட்டர் வருவதற்கு முன் நெட்டுப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக் கடை அடைத்த இடம் அது.

ஒப்பிட்டுப் பார்க்கத் தேதி தெரிந்த கட்டடங்கள் வேண்டும். பழைய நகர மண்டபம் 1873. இரண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளிவாசல் 1908இல் தொடங்கி 1909இல் முடிந்தது. கான் மணிக்கூட்டுக் கோபுரம் 1923. கோட்டை யோர்க் வீதியில் சிவப்பு நிறத்துக் கார்கில்ஸ் கடைக் கட்டடம் 1906. கார்கில்ஸை இங்கிலாந்துப் பட்டணக் கடைத்தெருவின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே கண்ணாடிக்கு எடைப்படி வரி இருந்தது, 1845இல் எடுத்தார்கள். அதற்கு முந்திய கடை முகப்புகளில் சின்னச் சின்னச் சட்டங்களில் கண்ணாடி, பிறகு மெல்ல மெல்லப் பெரிய தகடு. பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். கார்கில்ஸ் கட்டும்போது பெரிய கண்ணாடியே வழக்கமாகிவிட்டது. ஆனால் நடைபாதையை மூடிய வளைவுகள் நம் வெயிலுக்கும் மழைக்கும்.

அங்கேயும் இங்கேயும் ஒன்றுபோல இருப்பது மனையின் வடிவம்: முகம் ஒடுக்கம், நீளம் பின்னால். தெருமுகம்தான் காசு. அந்த நீளத்துக்கு வெளிச்சம் கொடுத்தது முற்றம். இன்று அதற்கு மேல் ஃபைபர் தகடு போட்டுச் சரக்கு அடுக்கியிருப்பார்கள்.

அதைப் பார்க்க உள்ளே போக வேண்டும், அதற்குக் கடை திறந்திருக்கும் இன்னொரு நாளில் வர வேண்டும். கேட்டதும் விடமாட்டார்கள். காணி வாங்க வந்த ஆளோ, மாநகரசபை ஆளோ என்று பயம், பழைய வாடகையில் இருப்பவர்களுக்கு இன்னும் கூட. முதலில் ஏதாவது வாங்குங்கள். கேபோஸ் லேன் பக்கம் என்றால் ஒரு மல்லிப் பை போதும். பிறகு, "முதலாளி, பின்னால முற்றம் இருக்கா? எங்கட அப்பப்பா காலத்துக் கடை மாதிரிக் கிடக்கு" என்று கதையைத் தொடங்குங்கள். கேமராவை அதுவரை வெளியே எடுக்க வேண்டாம். மேல்மாடிக்கு விட்டால், மரப்படியில் சுவரோரமாகக் கால் வையுங்கள். பலகை நடுவில்தான் முதலில் வளையும்.