சிஆரில் மார்பு எக்ஸ்-ரே: கேசட்டிலிருந்து திரை வரை

ரேடியோகிராஃபி படிக்கிறவர்கள் சிஆர் (கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி) அறைக்குள் முதல்முறை போனால் கொஞ்சம் குழம்புவார்கள். டிஜிட்டல் என்கிறார்கள், ஆனால் கையில் இருப்பது ஃபிலிம் காலத்துக் கேசட் மாதிரியே இருக்கிறது. சுட்டதும், அதாவது எக்ஸ்-ரே கொடுத்ததும், படம் திரையில் வந்துவிடுகிற டிஆர் (டிஜிட்டல் ரேடியோகிராஃபி) வேறு. இது கேசட்டைக் கழற்றி ரீடரில் போட்டுப் படம் எடுக்கும் கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி. 1983-இல் ஃபியூஜிஃபிலிம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இருக்கிற எக்ஸ்-ரே மெஷினையும் டேபிளையும் மாற்ற வேண்டியதில்லை, கேசட்டும் ரீடரும் வாங்கினால் போதும். இன்றும் பல இடங்களில் இது ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

ஒரு மார்பு பிஏ படத்தை (கதிர் முதுகுப் பக்கம் நுழைந்து மார்புப் பக்கம் வெளியேறும் படம்) எடுத்துக்கொண்டு வரிசையாகப் போவோம். அதற்கு முன் ஒன்று: சிஆரில் படம் பளிச்சென்று இருக்கிறது என்பதற்காக எக்ஸ்போஷர் (கொடுத்த கதிரின் அளவு) சரியாக இருந்தது என்று முடிவு கட்டாதீர்கள். காரணம் 6-ஆவது படியில் வரும்.

படி 1: பிளேட்டை அழித்துக்கொள்ளுங்கள்

கேசட்டுக்குள் இருப்பது ஃபிலிம் அல்ல, இமேஜிங் பிளேட். யூரோப்பியம் கொஞ்சம் கலந்த பேரியம் ஃப்ளோரோஹேலைடு பூசிய தகடு. இது சும்மா அலமாரியில் கிடந்தாலும் சுற்றுப்புறத்தில் இயற்கையாக உள்ள கதிர்வீச்சைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளுக்கு மேல் பயன்படுத்தாத பிளேட்டை ரீடரில் ஒருமுறை எரேஸ் செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எக்ஸ்-ரே அறைக்குள்ளேயே கேசட்டைச் சாய்த்து வைக்கும் பழக்கமும் வேண்டாம். அடுத்த நோயாளிக்குச் சுடும்போது சிதறும் கதிர் இதிலும் ஏறிவிடும்.

படி 2: பெயர், பரிசோதனை, சுடுவது

கன்சோலில் நோயாளியின் பெயரையும் எண்ணையும் சரிபார்த்து, கேசட்டின் பார்கோடை அதோடு இணையுங்கள். பரிசோதனைப் பட்டியலில் 'மார்பு பிஏ' என்பதையே தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் 'கை' என்று இருப்பதைத் தட்டிவிட்டால், படத்தைக் கணினி கை எலும்புக்கான கணக்கில் போட்டு விடும்.

கேசட்டின் முன்பக்கம் எக்ஸ்-ரே டியூபைப் பார்த்து இருக்கட்டும். திருப்பி வைத்தால் கேசட்டின் பின்மூடி அமைப்பு படத்தில் விழும். தூரம் 180 செ.மீ. வலம், இடம் காட்டும் ஈய மார்க்கரை இப்போதே வையுங்கள். படத்தைத் திரையில் ஒரு கிளிக்கில் இடவலமாகத் திருப்பிவிட முடியும் என்பதால், பின்னால் தட்டச்சு செய்யும் 'ஆர்', 'எல்' அதற்கு ஈடாகாது. கோலிமேஷனும் (கதிர் விழும் பரப்பைக் குறுக்கிக்கொள்வது) அப்படித்தான். எடுத்த பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று அகலமாகத் திறந்துவிட்டால், வெட்டுப்படுவது படம் மட்டும்தான், நோயாளி வாங்கிய டோஸ் அப்படியே இருக்கும். சரி, "மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிங்க ஐயா" என்று சொல்லிச் சுடுங்கள்.

படி 3: பிளேட்டுக்குள் நடப்பது

எக்ஸ்-ரே பட்டதும் எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. ஒரு பகுதி உடனே திரும்பி ஒளியாகிப் போய்விடும். மீதி, படிகத்தில் உள்ள வெற்றிடங்களில் சிக்கிக்கொள்ளும். நுரையீரலுக்குப் பின்னால் நிறைய, முதுகெலும்புக்குப் பின்னால் குறைவாக. கண்ணுக்குத் தெரியாத இந்தப் படம் நிலையானது அல்ல. 8 மணி நேரத்தில் சுமார் கால்பங்கு கரைந்துவிடும். அதனால் வார்டுக்குப் போய் போர்ட்டபிள் எடுத்தவர்கள், டீ குடித்துவிட்டு வந்து ரீடரில் போடலாம், ஆனால் ஷிஃப்ட் முடியும்வரை வைத்திருக்கக் கூடாது.

படி 4: ரீடரில் போடுங்கள்

கேசட்டை நுழைத்ததும் ரீடர் பிளேட்டை வெளியே இழுத்து மெதுவாக நகர்த்தும். அதன் குறுக்கே ஒரு சிவப்பு லேசர் புள்ளி படுவேகமாக அங்குமிங்கும் ஓடும். லேசர் தொட்ட இடத்தில் சிக்கியிருந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு, நீல ஊதா நிறத்தில் மங்கலான ஒளியைக் கொடுக்கும். லேசரின் சிவப்போடு ஒப்பிட்டால் இது மிக மிகச் சொற்பம். அதனால் சிவப்பைத் தடுத்து நீலத்தை மட்டும் விடும் ஃபில்டர் வழியாகத்தான் ஒளி ஃபோட்டோமல்டிபிளையர் குழாய்க்குப் போகும். குழாய் அதை மின்சாரமாக்கிப் பெருக்கும், அந்தச் சிக்னல் எண்களாக மாறும். உமிழும் நிறமும் லேசரின் நிறமும் வேறாக இருப்பதால்தான் இந்த ஏற்பாடே நடக்கிறது.

35×43 செ.மீ. பிளேட்டை 0.2 மி.மீ. பிக்சலில் படித்தால் 1750×2150, அதாவது சுமார் 38 லட்சம் புள்ளிகள். 12 பிட் என்றால் ஒவ்வொன்றும் 4096 படிநிலைகளில் ஏதோ ஒன்று.

படி 5: ரீடர் அழிக்கும்

படித்தபின் மிச்சமிருப்பதைப் பிரகாசமான வெள்ளை ஒளியால் ரீடரே அழித்து, பிளேட்டைக் கேசட்டுக்குள் தள்ளிவிடும். உங்களுக்கு வேலை இல்லை.

படி 6: கணினி படத்தை உருவாக்குவது

ரீடரிலிருந்து வரும் எண்களை அப்படியே காட்டினால் வெளிறிப் போன படம்தான் தெரியும். மென்பொருள் முதலில் கோலிமேஷன் ஓரத்தைக் கண்டுபிடிக்கும். அதற்குள் எந்த அளவு சிக்னல் எத்தனை பிக்சல்களில் இருக்கிறது என்று ஹிஸ்டோகிராம் போடும். மார்புப் படத்தில் நேரடியாகக் கதிர் பட்ட பகுதி ஒரு மேடு, நுரையீரல் ஒன்று, இதயமும் முதுகெலும்பும் இருக்கும் நடுப்பகுதி இன்னொன்று. எது தேவை என்று பார்த்து, அந்தப் பகுதிக்கு ஏற்றபடி கருமையையும் கான்ட்ராஸ்ட்டையும் பொருத்தும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இரண்டு மடங்கு எக்ஸ்போஷர் கொடுத்திருந்தாலும் கணினி எல்லாவற்றையும் இழுத்து அதே கருமைக்குக் கொண்டுவந்துவிடும். ஃபிலிமாக இருந்தால் கருத்துப்போய் உங்களைக் காட்டிக்கொடுத்திருக்கும். குறைத்துக் கொடுத்தால் மட்டும் படம் பொரிபொரியாகத் தெரியும், ரேடியாலஜிஸ்ட் சத்தம் போடுவார். கூட்டிக் கொடுத்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், படமும் வழவழப்பாக இருக்கும். அதனால் பலர் கை தானாகவே எம்ஏஎஸ்ஸை (டியூப் மின்னோட்டம் × நேரம்) கூட்டிக்கொண்டே போகும்.

எட்ஜ் என்ஹான்ஸ்மென்ட் என்று ஒன்று உண்டு, ஓரங்களைக் கூர்மையாக்கும். அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் உலோக மூட்டு வைத்தவரின் படத்தில் இதை ஏற்றிவிட்டால் உலோகத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தோன்றும். பார்ப்பவர், மூட்டு தளர்ந்துவிட்டதோ என்று நினைக்கலாம். சந்தேகம் வந்தால் குறைத்துப் போட்டுப் பாருங்கள். மறுபடி சுட வேண்டியதில்லை.

படி 7: எண்ணைப் பாருங்கள்

படத்தோடு ஒரு எக்ஸ்போஷர் எண் வரும். அதுதான் உண்மையைச் சொல்லும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. ஃபியூஜியின் எஸ் எண் தலைகீழ்: 200-இலிருந்து 100-க்கு இறங்கினால் பிளேட்டில் விழுந்தது இரு மடங்கு. கோடாக்கின் எண் நேர்: 300 கூடினால் இரு மடங்கு. 2008-இல் வந்த ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரத்தில், இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் டிவியேஷன் இன்டெக்ஸ் இருக்கிறது. பூஜ்யம் என்றால் இலக்கில் இருக்கிறீர்கள், +3 என்றால் இரு மடங்கு, -3 என்றால் பாதி. ஒரு கம்பெனி ரீடரில் பழகிவிட்டு வேறொன்றுக்கு மாறும்போது முதல் வேலையாக இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோலிமேஷன் ஓரத்தை மென்பொருள் தவறாகப் பிடித்திருந்தால் எண்ணும் தவறாகத்தான் வரும் என்பதையும் மனதில் வையுங்கள். சரியாக இருந்தால் படத்தை பேக்ஸுக்கு (படங்களைச் சேமித்து மருத்துவர்களுக்குக் காட்டும் கணினி அமைப்பு) அனுப்பலாம்.

படத்தில் ஏதோ தெரிகிறதா?

பிளேட் நகரும் திசையில் நேராக ஒரு வெள்ளைக் கோடு, எந்தக் கேசட் போட்டாலும் அதே இடத்தில் வந்தால், ரீடருக்குள் ஒளியைச் சேகரிக்கும் பாகத்தில் தூசி. சர்வீஸ் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு கேசட்டில் மட்டும் வெள்ளைப் புள்ளி என்றால் அந்த பிளேட்டில் அழுக்கோ கீறலோ இருக்கும். முந்தைய நோயாளியின் விலா எலும்பு லேசாகத் தெரிந்தால் எரேஸ் முழுமையாக நடக்கவில்லை. அலை அலையாகப் பட்டை தெரிந்தால், கிரிட்டின் (சிதறும் கதிரைத் தடுக்கும் ஈயப் பட்டைத் தகடு) கோடுகள் லேசர் ஓடும் திசைக்கு இணையாக அமைந்துவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.