பால்கனிக்கு வருவது ஹம்மிங்பேர்ட் இல்லைங்க

செம்பருத்தியில் தொங்கும் குட்டிப் பறவையைப் படம் எடுத்து 'சென்னையில் ஹம்மிங்பேர்ட்!' என்று போடுவதுதான் முதல் தவறு. அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரை 300-க்கும் மேற்பட்ட ஹம்மிங்பேர்ட் இனங்கள் இருக்கின்றன, ஆனால் அந்தக் கண்டங்களைத் தாண்டி இயற்கையில் எங்குமே கிடையாது. நம் வீட்டுக்கு வருவது தேன்சிட்டு. இரண்டும் சொந்தம்கூட இல்லை. ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கிய உறவு நம்மூர்ப் பனைமரத்தைச் சுற்றிப் பறக்கிற உழவாரன்தான்.

அந்தரத்தில் நின்றாலே ஹம்மிங்பேர்ட் என்று முடிவுகட்டாதீர்கள். தேன்சிட்டும் சில நொடி அப்படி நிற்கும், ஆனால் பெரும்பாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்துதான் குடிக்கும், சில சமயம் செம்பருத்தியின் அடியில் ஓட்டை போட்டு மகரந்தத்தைத் தொடாமலே தேனை எடுத்துவிடும், திருட்டுப்பயல். அந்தி நேரத்தில் ரீங்காரத்தோடு பூவுக்குப் பூ பாய்கிறதா? தலையைப் பாருங்கள், உணர்கொம்பு இருந்தால் அது அந்துப்பூச்சி.

அடுத்தது, ஆன்லைனில் ஹம்மிங்பேர்டுக்கான சிவப்புத் தீனிக்குடுவை வாங்கிச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுவது. அமெரிக்காவிலேயே ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், சாயம் கூடாது, தேன் கலக்கவே கூடாது, வெயில் காலத்தில் அடிக்கடி கழுவி மாற்ற வேண்டும் என்று ஏகப்பட்ட நிபந்தனை. நம்ம மே மாத வெயிலில் அது சீக்கிரமே புளித்துவிடும், எறும்பு வேறு வரிசை கட்டும். பேசாமல் இட்லிப்பூவோ மாதுளையோ ஒரு தொட்டியில் வையுங்கள்.

சரி, செடி வைத்தாயிற்று, மாவுப்பூச்சி வந்ததும் மருந்து அடித்துவிடுவார்கள். தேன் மட்டும் குடித்து எந்தப் பறவையும் வளராது. ஹம்மிங்பேர்டும் சரி, தேன்சிட்டும் சரி, குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் சின்னப் பூச்சியும் சிலந்தியும்தான். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது செடிப் பக்கம் கொஞ்சம் விட்டுவையுங்கள், ஏனென்றால் தேன்சிட்டு தன் கூட்டை இழுத்துக் கட்டுவதே சிலந்தி நூலால்தான்.

அந்தக் கூட்டை நிறையப் பேர் குப்பை என்று பிய்த்துப் போடுகிறார்கள். கொடிக்கயிற்றிலோ கேபிள் வயரிலோ காய்ந்த இலை, பட்டைத் துணுக்கு, நார் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரு பை தொங்கும். பக்கவாட்டில் சின்ன ஓட்டை, அதன் மேலே மழைக்குச் சின்னத் தாழ்வாரம், உள்ளே பஞ்சு மெத்தை. அதை வேறு நல்ல இடத்துக்கு நகர்த்தவும் வேண்டாம், தாய் திரும்பி வராமல் போகலாம். சில வாரங்களில் குஞ்சுகள் பறந்துவிடும், அதுவரை துணியை வேறு கொடியில் காயப்போடுங்கள்.