வினிகர் பீட்ரூட்: சொதப்பும் இடங்கள்

சாப்பாட்டுக்கு முன்னால் நாக்கைத் தட்டியெழுப்ப, குளிர்ந்த வினிகர் பீட்ரூட் நாலு துண்டு போதும். வேகவைத்து, நறுக்கி, வினிகர் கரைசலில் ஊறவைப்பது, வேலை அவ்வளவுதான். ஆனால் வெளுத்துப்போன துண்டு, கலங்கிய கரைசல் என்று புலம்புகிறவர்களும் நிறைய.

வெளுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கத்திதான். சீக்கிரம் வேகட்டும் என்று தோலைச் சீவி, நறுக்கிப் போட்டு வேகவைக்கிறார்கள். பீட்ரூட்டின் சிவப்பு நிறமி தண்ணீரில் கரையக்கூடியது. வெட்டிய பக்கமெல்லாம் சாயம் இறங்கி, கொதித்த தண்ணீர்தான் அழகாக இருக்கும். தோலோடு முழுசாக, மேலே ஓர் அங்குலத் தண்டும் அடியில் வால் வேரும் விட்டு வேகவையுங்கள். வெந்தபின் குளிர்ந்த நீரில் போட்டுத் தேய்த்தால் தோல் தானாகக் கழன்றுவிடும். ஒரே அளவுக் காய்களாக எடுப்பதும் முக்கியம். இல்லையென்றால் ஒன்று குழையும்போது இன்னொன்று கடுக்கென்று இருக்கும். நடுத்தரக் காய்க்கு 25 முதல் 30 நிமிடம் ஆகும். கத்தி முனை லேசாக இறங்கினால் நிறுத்திவிடலாம். ரொம்பப் பெரிய, முற்றிய காயில் நார் ஓடியிருக்கும். அதை எவ்வளவு ஊறவைத்தாலும் பிரயோசனமில்லை.

அடுத்தது வினிகர். இதில் மட்டும் கைக்கணக்கு வேண்டாம். புளிப்பு தூக்கலாக இருக்கிறதே என்று ஒரு டம்ளர் தண்ணீரைச் சேர்ப்பதுதான் நான் பார்த்ததில் ஆபத்தான பழக்கம். பீட்ரூட்டில் இயல்பாக அமிலம் குறைவு. மண்ணுக்குள் விளையும் காய் என்பதால், பொட்டுலிசம் என்ற கடுமையான உணவு நஞ்சாதலை உண்டாக்கும், மண்ணில் இருக்கும் கிருமியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். காற்றுப் புகாத பாட்டிலில், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.6-க்கு மேல் இருந்தால், அதாவது அமிலம் போதாவிட்டால், அந்தக் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். மணத்திலோ நிறத்திலோ அது தெரியாமலும் போகலாம். அதனால் 5 சதவீத அமிலம் என்று லேபிளில் போட்ட வினிகராகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கப் வினிகருக்கு ஒரு கப் தண்ணீர், ஒரு கப் சர்க்கரை, முக்கால் தேக்கரண்டி உப்பு என்பது நம்பகமான அளவு. புளிப்பைக் குறைக்க வேண்டுமா? சர்க்கரையைக் கூட்டுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு தப்பு, பாட்டிலைக் கொதிநீரில் கழுவி மூடிவிட்டாலே அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கலாம் என்று நினைப்பது. அப்படி வைக்க, நிரப்பி மூடிய பாட்டில்களைக் கொதிக்கும் நீரில் முழுக்க மூழ்கவைத்துக் குறைந்தது 30 நிமிடம் பதப்படுத்த வேண்டும். உயரமான ஊர்களில் அந்த நேரமும் கூடும். கொஞ்சமாகச் செய்கிறவர்களுக்கு அந்த வம்பு எதற்கு? நேராக ஃபிரிட்ஜில் வைத்து, சில வாரங்களுக்குள் தீர்த்துவிடலாம்.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வினிகரைக் கொதிக்கவிடக் கூடாது, எவர்சில்வர் நல்லது. கட்டி சேராமலிருக்கக் கலக்கும் பொருள் உள்ள தூள் உப்பும், மசாலாப் பொடிகளும் கரைசலைக் கலங்கடிக்கும். கல்லுப்பு, முழு மிளகு, கிராம்பு, பட்டை போதும். அதுவும் கிராம்பு இரண்டைத் தாண்டினால் பல் டாக்டர் அறை வாசனை வந்துவிடும்.

அப்புறம், அவசரம். காலையில் ஊற்றி மதியம் எடுத்தால் வெளியே புளிப்பும் உள்ளே வெறும் வேகவைத்த பீட்ரூட்டுமாகத்தான் இருக்கும். ஒரு முழு நாளாவது விடுங்கள். துண்டுகள் கரைசலுக்குள் மூழ்கியே இருக்கட்டும், எடுக்கும்போது கை போடாமல் உலர்ந்த கரண்டியால் எடுங்கள். பரிமாறும்முன் நன்றாக வடித்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் வைத்த சீஸ், அவித்த முட்டை எல்லாம் ரோஸ் கலராகிவிடும்.

காய் தீர்ந்தபின் மிஞ்சும் கரைசலில் புதுக் காயைப் போடாதீர்கள். முதல் காயின் நீர் இறங்கி அதன் அமிலம் ஏற்கெனவே நீர்த்திருக்கும். சாலட் மேல் ஊற்றிக்கொள்ள அருமையாக இருக்கும்.