இங்கிலாந்தில் பள்ளி நாட்களில் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறீர்களா?

டிக்கெட் போடுவதற்கு முன்பே தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம் கொடுங்கள். போய்வந்த பிறகு கேட்டால் அனுமதி கிடையாது. டிக்கெட் மலிவு என்பது காரணமாக எடுபடாது. 'விதிவிலக்கான சூழ்நிலை' இருந்தால்தான் விடுப்பு. நெருங்கிய உறவினரின் இறுதிச்சடங்கு என்றால் சில நாட்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். கல்யாணம் என்றால் பத்திரிகையை இணைத்து, கேட்கும் நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியில்லாமல் 10 பள்ளி வாரங்களுக்குள் 10 அமர்வுகள் தவறினால் அபராதம் பற்றிப் பள்ளி யோசித்தே ஆகவேண்டும். காலை ஒன்று, மாலை ஒன்று என ஒரு நாளுக்கு இரண்டு அமர்வு. ஆக ஐந்தே நாள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: வருகைப்பதிவு மூடிய பிறகு தாமதமாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும்.

அபராதம் குடும்பத்துக்கு ஒன்றல்ல. ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண்டு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 320. 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பு, 28 நாட்களைத் தாண்டினால் வழக்கு வரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாம் முறை என்றால் தொடக்கமே 160. மூன்றாம் முறை அபராதச் சீட்டே கிடையாது, பெரும்பாலும் நீதிமன்றம்தான். மேல்முறையீடும் இல்லை, தவணையும் இல்லை.

'காய்ச்சல்' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வந்ததும் பிள்ளையே வகுப்பில் உளறிவிடும்.

ஆசிரியர் பயிற்சி நாட்கள் பள்ளிக்குப் பள்ளி மாறும். விடுமுறையை ஒட்டி அவை வந்தால் ஒரு நாள் முன்பே கிளம்பலாம், டிக்கெட் விலையும் குறையலாம்.