பாடுகளின் வாரத்தை யூதப் பண்டிகை நாள்களோடு பொருத்திப் பார்ப்பது எப்படி?

இயேசுவின் கடைசி இராப்போஜனம், எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் விருந்துதானா, அல்லது அதற்கு முந்தின இரவில் நடந்த விருந்தா என்ற கேள்வி, நான்கு சுவிசேஷங்களையும் அடுத்தடுத்து வாசிக்கும் எவருக்கும் எழும். விளக்கவுரைகளைப் புரட்டுவதற்கு முன், இயேசு பாடுபட்டு மரித்த அந்த வாரத்தின் நாள்களை நாமே ஒரு தாளில் வரைந்து பார்ப்பது நல்லது. வரையும்போது கிழமையையும் தேதியையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்; இந்த விஷயத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, இரண்டையும் தொடக்கத்திலேயே ஒன்றாகக் கட்டிவிடுவதால் வருபவை.

முதலில் நாளின் எல்லையைச் சரியாகப் போடுங்கள். யூதர்களின் நாள் சூரியன் மறையும்போது தொடங்கி, மறுநாள் சூரியன் மறையும்போது முடிகிறது. ஆகவே கட்டங்களைப் பிரிக்கும் கோடு நள்ளிரவில் அல்ல, அஸ்தமனத்தில் விழ வேண்டும். அப்படிப் போட்டதும், நம் கணக்கில் வியாழன் இரவாகிய இராப்போஜனமும், கெத்செமனே ஜெபமும், பிரதான ஆசாரியன் வீட்டு விசாரணையும், பிலாத்துவின் தீர்ப்பும், சிலுவை மரணமும், பொழுது சாய்வதற்குள் நடந்த அடக்கமும் ஒரே கட்டத்துக்குள் வந்து சேர்வதைக் காண்பீர்கள். நமக்கு இரண்டு கிழமைகளாகத் தெரிவது அவர்களுக்கு ஒரே தேதி.

அடுத்து, கிழமையை நிரப்புங்கள். இயேசு மரித்த நாள் ஓய்வுநாளாகிய சனிக்கு முந்தின ஆயத்தநாள் என்று மாற்கு 15:42 வெளிப்படையாகச் சொல்கிறது. லூக்கா 23:54, யோவான் 19:31 ஆகியவையும் அதையே சொல்கின்றன. மத்தேயு 27:62 மறுநாளை ஆயத்தநாளுக்குப் பின்னான நாள் என்கிறது. கல்லறை காலியாகக் காணப்பட்டதோ வாரத்தின் முதல் நாள் அதிகாலையில். எனவே வெள்ளி, ஞாயிறு என்ற இரண்டையும் பேனாவால் எழுதிவிடலாம். தேதிக்கு மட்டும் பென்சில் போதும்.

தேதிகளுக்கு அடிப்படை யாத்திராகமம் 12, லேவியராகமம் 23 ஆகிய அதிகாரங்கள். முதல் மாதமாகிய நிசானின் 10-ஆம் தேதி ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுக்க வேண்டும். 14-ஆம் தேதி அந்திநேரத்தில் அதை அடிக்க வேண்டும். அன்று சூரியன் மறைந்ததும் 15-ஆம் தேதி பிறக்கிறது, அந்த இரவில் அதைப் புசிக்க வேண்டும். 15 முதல் ஏழு நாள் புளிப்பில்லாத அப்பப்பண்டிகை. அதன் முதல் நாளும் ஏழாம் நாளும் வேலை செய்யக்கூடாத பரிசுத்த நாள்கள். முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ், ஆலயத்தில் பஸ்கா பலிகள் ஒன்பதாம் மணி முதல் பதினோராம் மணி வரை, அதாவது பிற்பகல் 3 முதல் 5 மணி வரை, செலுத்தப்பட்டதாக எழுதியிருக்கிறார். பேச்சுவழக்கில் பஸ்காவும் புளிப்பில்லாத அப்பப்பண்டிகையும் ஒரே பண்டிகைபோலக் கலந்துவிட்டிருந்தன. ஆட்டுக்குட்டியை அடிக்கும் நாளையே மாற்கு 14:12 புளிப்பில்லாத அப்பப்பண்டிகையின் முதல் நாள் என்று அழைப்பதற்குக் காரணம் அதுதான். அதைத் தவறு என்று எண்ணிவிட வேண்டாம்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு நேராக இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) வரையுங்கள். முதல் பத்தியில் 15 என்றும், இரண்டாவதில் 14 என்றும் எழுதுங்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் சீஷர்கள் பஸ்காவை ஆயத்தம்பண்ணியதையும், அன்று மாலை இயேசு பந்தியிருந்ததையும் சொல்வதால், அவர்களுடைய கணக்கில் இராப்போஜனமும் அதைத் தொடர்ந்த வெள்ளியும் 15. பாடுபடுமுன் இந்தப் பஸ்காவை உங்களோடு புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன் என்ற லூக்கா 22:15-இன் வார்த்தை இதற்கு வலுவான ஆதாரம். யோவானில் நிலைமை வேறு. வெள்ளி காலையில் யூதத் தலைவர்கள் தீட்டுப்படாமல் பஸ்காவைப் புசிக்கத்தக்கதாகத் தேசாதிபதியின் அரண்மனைக்குள் நுழையவில்லை (18:28). அந்த நாள் பஸ்காவுக்கு ஆயத்தநாள் (19:14). அப்படியானால் வெள்ளி 14. ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படும் அதே பிற்பகலில் இயேசு மரிக்கிறார்; பஸ்கா ஆட்டுக்குட்டியைப்போலவே அவருடைய எலும்பும் முறிக்கப்படாததை யோவான் குறிப்பிட்டுச் சொல்கிறார்.

இரண்டு பத்திகளையும் இணைக்கப் பல வழிகள் முன்வைக்கப்பட்டுள்ளன. யோவான் 18:28 சொல்வது ஆட்டுக்குட்டியை அல்ல, பண்டிகை வாரத்தின் மற்றப் பலிகளைப் புசிப்பதை என்பது ஒன்று. தாம் மறுநாள் உயிரோடிருக்கமாட்டார் என்று அறிந்த இயேசு ஒரு நாள் முன்னதாகவே பஸ்காவை ஆசரித்தார் என்பது மற்றொன்று. சவக்கடல் சுருள்களில் காணப்படும் 364 நாள் நாள்காட்டியை அவர் பின்பற்றினார் என்ற கருத்தும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் 15-ஆம் தேதி எப்போதும் புதன்கிழமையாக வருவதால், இராப்போஜனத்தைச் செவ்வாய் இரவுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. என் தீர்மானம், 14 என்ற பத்தியே சற்று எடை கூடியது என்பது. இயேசுவைப் பிடித்துக் கொலைசெய்வது பண்டிகையிலே வேண்டாம் என்று தலைவர்கள் பேசிக்கொண்டதும் (மாற்கு 14:2), அவரை அடக்கம்பண்ணிய யோசேப்பு வெள்ளிக்கிழமை மெல்லிய துப்பட்டியை விலைக்கு வாங்கியதும் (15:46), வேலை ஓய்ந்திருக்கும் பண்டிகை முதல் நாளோடு எளிதில் ஒத்துப்போகவில்லை. ஆயினும் முதல் பத்தியை அழித்துவிடாதீர்கள். லூக்காவின் வார்த்தை அங்கே நிற்கிறது.

வரைந்த தாள் உடனே பயன்படும் இடம் ஒன்று உண்டு. குருத்தோலை ஞாயிறு நிசான் 10, ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுக்கும் நாள் என்றும், பெரிய வெள்ளி நிசான் 14 என்றும் ஒரே பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். 10-லிருந்து 14-க்கு நான்கு நாள். ஞாயிறிலிருந்து வெள்ளிக்கு ஐந்து நாள். வெள்ளி 14 என்றால் ஞாயிறு 9. ஞாயிறு 10 என்றால் வெள்ளி 15. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்ற கணக்கில் தயங்கி நிற்பவர்கள், நாளின் ஒரு பகுதியையும் முழு நாளாக எண்ணும் வழக்கத்தை நினைவில் கொள்ள வேண்டும். எஸ்தர் 4:16-இல் மூன்று நாள் இரவும் பகலும் உபவாசம் என்று சொல்லப்படுகிறது; 5:1-இல் மூன்றாம் நாளிலேயே அவள் ராஜாவின் முன் நிற்கிறாள். வெள்ளியின் கடைசி மணி நேரங்கள், சனி முழுவதும், ஞாயிறின் தொடக்கம் என்று மூன்றாகிறது. ஓய்வுநாள் முடிந்தபின் ஸ்திரீகள் கந்தவர்க்கங்களை வாங்கியதாக மாற்கு 16:1 சொல்வதும் இங்கே பொருந்துகிறது: சனி மாலை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் முடிந்துவிடுகிறது, வாங்கலாம், விடிந்ததும் கல்லறைக்குப் போகலாம்.

அடுத்து, அறுப்பின் முதற்பலனாகிய கதிர்க்கட்டை ஆசாரியன் கர்த்தருக்கு முன் அசைவாட்டும் நாளைக் குறியுங்கள். அது ஓய்வுநாளுக்கு மறுநாள் என்கிறது லேவியராகமம் 23:11. யூதச் சமயப் பிரிவினராகிய பரிசேயர் இதைப் பண்டிகையின் முதல் நாளுக்கு மறுநாள், அதாவது எப்போதும் நிசான் 16, என்று கொண்டனர். எதிர்த்தரப்பினர் பண்டிகை வாரத்தில் வரும் சனிக்கு மறுநாளாகிய ஞாயிறு என்று கொண்டனர். வெள்ளி 14 என்ற பத்தியில் சனிக்கிழமை வாராந்தர ஓய்வுநாளும் பண்டிகையின் முதல் நாளுமாக இருக்கிறது. அந்த ஓய்வுநாள் பெரிய நாள் என்று யோவான் 19:31 சொல்வது இதனால் தெளிவாகிறது. அந்த வருஷத்தில் இரு தரப்பின் கணக்கும் ஞாயிறிலேயே வந்து சேர்கிறது. கிறிஸ்து நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார் என்று பவுல் 1 கொரிந்தியர் 15:20-இல் எழுதுவதை இந்தக் கட்டத்துக்கு எதிரே குறித்துவையுங்கள். அந்த ஞாயிறை முதல் நாளாக எண்ணினால் இயேசு பரமேறிய 40-ஆம் நாள் வியாழன், 50-ஆம் நாளாகிய பெந்தெகொஸ்தே மறுபடியும் ஞாயிறு.

வருஷத்தைக் கண்டுபிடிக்க விரும்பினால், ரோம தேசாதிபதி பிலாத்து யூதேயாவை ஆண்ட கி.பி. 26 முதல் 36 வரையிலான காலத்துக்குள் தேடுங்கள். நிலவின் நிலையைக் கணித்துப் பார்த்தவர்கள், நிசான் 14 வெள்ளிக்கிழமையில் வரக்கூடியதாக முக்கியமாகக் காட்டுவது கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 ஆகிய இரண்டையும். ஆனால் இன்றைய யூத நாள்காட்டியின் விதிகளைக் கொண்டு பின்னோக்கி எண்ண வேண்டாம். இன்றைய விதிப்படி நிசான் 15 வெள்ளிக்கிழமையில் வரவே வராது. ஆலயம் நின்றிருந்த காலத்திலோ, பிறையைக் கண்ணால் கண்ட சாட்சிகளின் சொல்லைக் கேட்டே மாதம் தொடங்கியது.